உழைக்கும் இதயத்தின் மின்வரைவு

துலா மிதித்துத் தோட்டங்களுக்கு நீரிறைத்த நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த செய்தி ஒன்று உண்டு. வாய்க்காலின் இடையிலே மண் சரிந்து வழி பாதி அடைபட்டிருப்பினும், ஒரு பாத்திக்கு மாத்திரம் நீர் வேண்டிய பொழுது குறை தோன்றுவதில்லை. நீர் மெல்லச் சென்று பாத்தியை நிரப்பிவிடும். கோடை வெயிலிலே எல்லாப் பாத்திகளும் ஒருங்கே நீர் வேண்டி நிற்கும் நாளிலேதான் அடைப்பின் உண்மை வெளிப்படும். அணித்தான பாத்திகள் நனைந்திருக்கக் கடைப்பாத்தி காய்ந்து வெடிக்கும்.

மனிதனின் இதயத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஓய்ந்திருக்கும் இதயம் தன் குறையை மறைக்கும். உழைக்கும் இதயமே அதனை உரைக்கும். இவ்வடிப்படையில் எழுந்ததே உடற்பயிற்சி ஈ.சீ.ஜீ. எனப்படும் சோதனை. நோயாளியை நடக்கவோ ஓடவோ செய்து, அவ்வேளையில் இதயத்தின் மின்வரைவில் நிகழும் மாற்றங்களைக் கொண்டு, இதயத்துக்கு உணவூட்டும் நாடிகளிலே அடைப்பு உண்டோ எனத் துணிய முயல்வது அது.

யாம் வைத்தியர் அல்லேம்; தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். எனினும் இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் நாற்பதும் ஐம்பதும் கடந்து நிற்கின்றனர். அவர்தம் கையிலே இன்று இச்சோதனையின் அறிக்கை வந்து சேர்கின்றது. அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கண்டு வீணே நடுங்குவோரும் உளர். பிறிதொரு சொல்லைக் கண்டு வீணே களிப்போரும் உளர். சொல்லின் பொருளை ஆராய்வது தமிழாசிரியனின் கடமையேயாதலின், அவ்வறிக்கை எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இதயமும் அதன் உணவும்

இதயம் நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்குமெனின் ஒரு நாளில் ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இவ்வுறுப்புக்கும் குருதி வேண்டும். தன்னுள்ளே நிரம்பியிருக்கும் குருதியை அது நேரே உண்பதில்லை. பெருநாடியின் அடியிலிருந்து புறப்படும் வலம், இடம் என்னும் இரு நாடிகளும் அவற்றின் கிளைகளுமே அதற்கு உணவு கொணர்கின்றன. இவை இதயத்தின் மேற்பரப்பை ஒரு முடிபோலச் சூழ்ந்து கிடத்தலின் முடியுரு நாடிகள் எனப்பட்டன. குருதியை இதயத்திலிருந்து கொண்டுசெல்லும் குழாயை நம் நாட்டுப் பாடநூல்கள் நாடி என்னும். தமிழகத்தார் தமனி என்பர்.

ஏனைய தசைகளுக்கும் இதயத் தசைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கைகால்களின் தசைகள் ஓய்ந்திருக்கையில் தம்மிடம் வரும் குருதியிலுள்ள ஒட்சிசனிற் சிறு பங்கையே எடுத்துக்கொள்ளும். உழைக்கும் வேளையில் அதே குருதியிலிருந்து மேலும் பெற்றுக்கொள்ள அவற்றால் இயலும். இதயமோ ஓய்விலேயே தன் பங்குக்கு வந்த ஒட்சிசனில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை எடுத்துவிடுகின்றது. ஆதலின் மேலும் வேண்டுமாயின் மேலும் குருதி வருதல் வேண்டும். வேறு வழி இல்லை. நலமுள்ள ஒருவரில், கடும் உழைப்பின்போது முடியுரு நாடிகளின் ஓட்டம் நான்கு ஐந்து மடங்கு வரை உயர வல்லது.

குழாய் குறுகினால் நிகழ்வது யாது? பௌதிகம் கற்கும் மாணவர் பிரெஞ்சு வைத்தியராகிய பொய்சேயின் விதியை நினைவுகூர்க. குழாயின் ஆரை பாதியாயின் தடை இரு மடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகின்றது. எனினும் உடல் எளிதில் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. அடைப்புக்கு அப்பாலுள்ள நுண்ணிய குழாய்கள் விரிந்து, அத்தடையை ஈடுசெய்கின்றன. இதனாலேயே, நாடியின் விட்டத்தில் ஏறத்தாழ 85 வீதம் அடைபடும் வரை ஓய்வுநிலை ஓட்டம் பெரிதும் குறைவதில்லை. ஆனால் விரியவேண்டிய குழாய்கள் ஓய்விலேயே விரிந்துவிட்டமையால், உழைப்புக்கென வைத்திருந்த சேமிப்பு கரைந்துபோகின்றது. விட்டத்திற் பாதியளவு குறுகியபோதே உச்ச ஓட்டம் குன்றத் தொடங்கிவிடும்.

இதிற் கடைப்பாத்தி எது? இடது இதயவறைச் சுவரின் உட்புறப் படையே அது. இதயம் சுருங்கும்பொழுது அப்படை நெரிபடுகின்றது. தளரும்பொழுதே அதற்குக் குருதி கிட்டுகின்றது. துடிப்பு விரையுந்தோறும் தளரும் வேளை குறுகும். ஆகவே, உழைப்பு மிகும்போது தேவை பெருகுதலும், உணவு பெறும் காலம் சுருங்குதலும் ஒருங்கே நிகழ்கின்றன. முதலில் வாடுவது உட்படையே. இதனை மாணவர் மனத்திற் கொள்வாராயின், பின்னர் வரும் மின்வரைவு மாற்றத்தின் காரணம் எளிதில் விளங்கும்.

மார்பு நெருக்கம்

இந்நோயின் குறியைத் தெளிவுற முதலில் விரித்துரைத்த பெருமை இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபடனுக்கு உரியது. அவர் 1768இல் அங்குள்ள வைத்தியர் கழகத்திலே படித்த கட்டுரை 1772இல் அச்சேறியது. நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவருந்திய பின் நடக்கும்போதும், மார்பிலே ஒரு நெருக்கம் எழுகின்றது. நின்றவுடன் அது நீங்குகின்றது. இதுவே அவர் கண்டது. அவர் இட்ட பெயரின் முதற்சொல் இலத்தீனிலே நெரித்தல் என்னும் பொருளுடைய வேரிற் பிறந்தது. அவர்தம் நோயாளர் ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுக்கும் வேலையை மேற்கொண்டு பெரிதும் குணமடைந்ததையும் ஹெபடன் குறித்துள்ளார். உழைப்பு நோயைக் காட்டுவதோடு அமையாது அதனைத் தணிக்கவும் வல்லது என்பதற்கு இது பழைய சான்று.

நோயின் நிலைக்களம் முடியுரு நாடி என்பதை ஹெபடன் அறிந்திலர். அம்மைத் தடுப்பூசியாற் புகழ்பெற்ற எட்வேட் ஜென்னரும் அவர் நண்பர் கேலப் பரியும் அத்தொடர்பை ஐயுற்றனர். பரி 1799இல் அதனை நூலாக வெளியிட்டார்.

மின்வரைவு பிறந்த வரலாறு

இதயத் தசையின் ஒவ்வொரு கலமும் சுருங்குமுன் மின்னேற்ற மாறுதலுக்கு உட்படுகின்றது. சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் அயன்கள் கலமென்சவ்வினூடே புகுதலும் வெளியேறுதலுமே அதற்குக் காரணம். கோடிக்கணக்கான கலங்களின் மாறுதல் ஒன்றுதிரண்டு தோலின் மேற்பரப்பு வரை எட்டுகின்றது. 1887இல் இலண்டனிலே ஒகஸ்ரஸ் வாலர் என்பார் மனித உடலின் மேற்பரப்பிலிருந்தே அதனை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஆனால் அவர் கையாண்ட கருவி மந்தமானது.

அக்குறையை நீக்கியவர் ஒல்லாந்து நாட்டு லெயிடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். அவர் 1860இல் யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்தவர். வலிய காந்தப் புலத்தின் நடுவே, வெள்ளி பூசிய மிக மெல்லிய படிக இழை ஒன்றைத் தொங்கவிட்டு, அவ்விழையின் அசைவை ஒளிப்படத் தகட்டிலே பதியச் செய்தார். கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். நோயாளி தம் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் இட்டு அமர்ந்திருப்பார். வரைவில் எழும் அலைகளுக்குப் பீ, கியூ, ஆர், எஸ், ரி என்று அவர் இட்ட பெயர்களையே இன்றும் உலகம் வழங்குகின்றது. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பீ அலை சோணைகளின் கிளர்ச்சியைக் காட்டும். கியூ, ஆர், எஸ் மூன்றும் சேர்ந்த கூர்முடி இதயவறைகளின் கிளர்ச்சியைக் காட்டும். ரி அலை அவை மீண்டு ஓய்வுறுவதைக் காட்டும். எஸ் அலையின் முடிவுக்கும் ரி அலையின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கோடே எஸ்.ரி. பகுதி. இதயவறைத் தசை முழுதும் ஒரே மின்னிலையில் நிற்கும் வேளை அது. ஆதலின் நலமுள்ள இதயத்தில் அது அடிக்கோட்டோடு ஒட்டியே செல்லும். உட்படை ஒட்சிசன் இன்றி வாடுமாயின், வாடிய பகுதிக்கும் வாடாத பகுதிக்கும் இடையே மின்னிலை வேறுபாடு தோன்றும். எஸ்.ரி. பகுதி அடிக்கோட்டினின்றும் கீழிறங்கும். கடைப்பாத்தியின் வெடிப்பு கடதாசியில் எழுதப்படும் முறை இதுவே.

படிக்கட்டிலிருந்து ஓடுபட்டைக்கு

1928இல் ஐக்கிய அமெரிக்காவிலே பைல், சீகல் என்னும் இருவர், மார்பு நெருக்கமுடையோரை உடற்பயிற்சி செய்வித்து வலி எழும்போது மின்வரைவு மாறுவதைக் காட்டினர். 1932இல் வியன்னாவிலே கோல்ட்ஹாமரும் ஷேர்வும் இதனை நோய் துணியும் முறையாகவே முன்மொழிந்தனர். நியூயோர்க்கைச் சேர்ந்த ஆதர் மாஸ்ரர், ஒன்பது அங்குல உயரமுடைய இரு படிகளில் ஏறியிறங்கும் சோதனையை 1929இல் வகுத்திருந்தார். தொடக்கத்தில் நாடித்துடிப்பும் குருதியமுக்கமுமே அளக்கப்பட்டன. 1941இல் அதனோடு மின்வரைவும் சேர்ந்தது.

படிச்சோதனையில் ஒரு குறை இருந்தது. முதியவர்க்கும் இளையவர்க்கும் உழைப்பைச் சிறிது சிறிதாக ஏற்றி, அவரவர் எல்லையைக் காண அதனால் இயலவில்லை. சியற்றில் நகரத்து றொபேட் புரூஸ் இயந்திரத்தால் ஓடும் பட்டையொன்றைக் கொண்டு இக்குறையை நீக்கினார். 1963இல் வெளிவந்த அவர்தம் படிநிலை ஒழுங்கே இன்றும் பெருவழக்கிலுள்ளது. முதல் மூன்று நிமிடமும் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம். நூறடி செல்லப் பத்தடி ஏறும் சாய்வு. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீற்றர், சாய்வு 12. மூன்றாம் படியில் 5.5 கிலோமீற்றர், சாய்வு 14. நான்காம் படியில் 6.8 கிலோமீற்றர், சாய்வு 16. முதற்படி மெல்லிய மேட்டுநடை. நான்காம் படியை எட்டுவோர் பலர் ஓட நேரும்.

சோதனைக்கு முன் ஓய்வுநிலை வரைவு எடுக்கப்படும். சோதனை நடக்குங்கால் வரைவு தொடர்ந்து கவனிக்கப்படும். குருதியமுக்கம் ஒவ்வொரு படியிலும் அளக்கப்படும். 220இலிருந்து வயதைக் கழித்து வரும் தொகையில் நூற்றுக்கு 85 என்னும் துடிப்பை எட்டுதல் போதிய உழைப்பின் அடையாளம் எனக் கொள்வது வழக்கம். ஐம்பது வயதினர்க்கு உச்சம் 170. அதில் 85 வீதம் ஏறத்தாழ 145. மார்புவலி மிகினும், தலைசுற்றினும், உழைப்பு ஏறுகையில் குருதியமுக்கம் இறங்கினும், துடிப்பின் ஒழுங்கு கெடினும், நோயாளி போதும் என்னினும் சோதனை நிறுத்தப்படும். ஓய்வெடுக்கும் நிமிடங்களிலும் பதிவு தொடரும். மாற்றம் அப்பொழுது மாத்திரம் தோன்றுதலும் உண்டு.

இச்சோதனை எல்லார்க்கும் உரியதன்று. அண்மையில் மாரடைப்பு உற்றோர், ஓய்விலும் வலி எழும் நிலையினர், பெருநாடி வாயில் கடுமையாகக் குறுகியோர் ஆகியோரை ஓடுபட்டையில் ஏற்றுதல் ஆகாது. தக்கோரைத் தெரிந்து வைத்தியர் அருகிருந்து நடத்தும்போது இடர் மிகக் குறைவு. ஏறத்தாழ 1,70,000 சோதனைகளைத் திரட்டி 1971இல் வெளிவந்த ஆய்வொன்று, பதினாயிரத்துக்கு ஓர் உயிரிழப்பு என்னும் அளவைக் காட்டியது.

வரைவை வாசித்தல்

மின்வரைவுக் கடதாசியில் உயரம் பத்து மில்லிமீற்றர் ஒரு மில்லிவோற்றைக் குறிக்கும். எஸ்.ரி. பகுதி ஒரு மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தாழ்ந்து, கிடையாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ சென்று, அத்தாழ்வு கூர்முடி முடிந்த பின் 0.06 முதல் 0.08 செக்கன் வரை நீடிக்குமாயின் அது குறிப்பிடத்தக்க மாற்றம் ஆகும். தாழ்ந்து உடனே மேல்நோக்கி விரைந்து ஏறும் கோடு நலமுள்ளோரிடத்தும் காணப்படுவதால் அத்துணை வலிய சான்று அன்று. தாழ்வு எவ்வளவு ஆழமானது, எவ்வளவு சிறிய உழைப்பிலே தோன்றியது, எத்தனை பதிவுகளிற் காணப்படுகின்றது, ஓய்வின்போது எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்பன நோயின் கடுமையை உணர்த்தும். எந்நாடியில் அடைப்பு என்பதை இத்தாழ்வு காட்டுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி ஓர் இன்றியமையாத வினா. எஸ்.ரி. பகுதி தாழ்ந்தால் அடைப்பு உண்டு என்பது உறுதியா? தாழாவிடில் அடைப்பு இல்லை என்பது உறுதியா?

சைவசித்தாந்தம் பயின்ற நம் மாணவர்க்கு அளவை புதிதன்று. மலையிற் புகை கண்டு அங்கு நெருப்பு உண்டெனத் துணிதல் அனுமானம். ஆனால் பனிமூட்டத்தைப் புகையென மயங்கினால் துணிவு பிழைக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு, புகை இல்லை. புகையின்மை கண்டு அதனைக் கையால் தொடுவார் உண்டோ? உடற்பயிற்சி ஈ.சீ.ஜீ. காட்டுவது புகையையே, நெருப்பை அன்று. பனிமூட்டம் போல் மயக்குவன பல உள. டிஜொக்சின் என்னும் மருந்து, இடது இதயவறைச் சுவரின் தடிப்பு, குருதியிற் பொற்றாசியக் குறைவு ஆகியன அடைப்பின்றியே எஸ்.ரி. பகுதியைத் தாழ்த்தும். இடப்பக்கக் கடத்தல் தடையுற்றோரின் வரைவில் இம்மாற்றத்துக்குப் பொருளே இல்லை. பெண்களிடத்தும் பொய்ப்புகை மிகுதி. மறுபுறம், துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்போரும், போதிய அளவு உழைக்கமுன் நின்றுவிட்டோரும் புகையற்ற நெருப்பாய்த் தோன்றக்கூடும்.

கணக்கொன்று

1989இல், 147 ஆய்வுகளைத் தொகுத்து 24,074 நோயாளரைக் கணக்கிட்டபோது, அடைப்புள்ள நூற்றுவருள் 68 பேரையே இச்சோதனை காட்டிக்கொடுத்தமையும், அடைப்பில்லாத நூற்றுவருள் 77 பேரையே அது விடுவித்தமையும் புலனாயின. இவ்விரு எண்களையும் கொண்டு மாணவர் கணக்கிட்டுப் பார்க்க.

முதலாவதாக, மேட்டில் ஏறினால் மார்பு நெரிந்து, நின்றால் நீங்கும் முதியோர் ஆயிரவரைக் கொள்வோம். அவர்களுள் 900 பேருக்கு அடைப்பு உண்டு என வைத்துக்கொள்வோம். சோதனை 612 பேரைக் காட்டும். 288 பேரைத் தவறவிடும். அடைப்பில்லாத நூற்றுவருள் 77 பேர் குறையின்றித் தேறுவர். ஆக, குறை இல்லை என்னும் அறிக்கை பெற்றோர் 365 பேர். அவருள் 288 பேர், அதாவது ஐவருள் ஏறத்தாழ நால்வர், அடைப்புடையோரே.

இரண்டாவதாக, ஐயத்துக்கிடமான வலியுடைய ஆயிரவருள் 500 பேருக்கு அடைப்பு உண்டெனக் கொள்வோம். அடைப்புடையோருள் 340 பேரும் அடைப்பில்லாதோருள் 115 பேரும் குறை காட்டுவர். குறை காட்டிய 455 பேருள் அடைப்புடையோர் 340, நால்வருள் மூவர்.

மூன்றாவதாக, வலியே இல்லாத இளையோர் ஆயிரவர். அவருள் நூற்றுவர்க்கே அடைப்பு. உண்மையாய்க் குறை காட்டுவோர் 68. பொய்யாய்க் காட்டுவோர் 207. ஆக 275 அறிக்கைகளுள் நான்கில் மூன்று பொய்ப்புகை.

சோதனை ஒன்றே, எண்களும் அவையே. ஆயினும் விடை முற்றும் வேறாகின்றது. சோதனைக்கு முன்னிருந்த நிகழ்தகவே பின்னுள்ள நிகழ்தகவை ஆளுகின்றது. 1763இல் வெளிவந்த தொமஸ் பேய்ஸின் தேற்றம் உரைப்பது இதனையே. டயமண்ட், பொரெஸ்ரர் என்னும் இருவர் 1979இல் இதனை இதயநோய்க்குப் பொருத்திக் காட்டினர். வயது, பால், வலியின் இயல்பு ஆகிய மூன்றும் அம்முன் நிகழ்தகவைத் தருவன. வலியை வைத்தியருக்கு உள்ளபடி எடுத்துரைத்தல், ஓடுபட்டையில் ஏறுவதிலும் குறைந்த பயனுடையதன்று என்பது இதனாற் பெறப்படும்.

மேலும் ஒரு செய்தி. சோதனையிற் குறை காட்டியோரையே பின்னர் நாடிப்படம் எடுக்க அனுப்பும் வழக்கம், மேற்காட்டிய எண்களையும் திரித்துவிடும். அத்திரிபை நீக்க, வலியுடைய ஆடவர் 814 பேருக்கு இரு சோதனைகளையும் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்விலே, அடைப்புடையோருள் 45 வீதத்தினரே பிடிபட்டனர். அடைப்பில்லாதோருள் 85 வீதத்தினர் விடுவிக்கப்பட்டனர். குறை இல்லை என்னும் விடையை எவ்வளவு எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறிக்கைகளிலே நேர், எதிர் என வரும் சொற்களும் பொதுமக்களை மயக்குவன. நேர் என்றால் நன்று, எதிர் என்றால் தீது என்பது உலக வழக்கு. சோதனையிலோ நேர் என்பது தேடிய குறி தோன்றிற்று என்றும், எதிர் என்பது தோன்றவில்லை என்றும் மாத்திரமே பொருள்படும். தோன்றவில்லை என்பது இல்லை என்பதாகாது.

கோட்டுக்கு அப்பால்

இச்சோதனையின் பெறுமதி எஸ்.ரி. பகுதியோடு முடிவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1987இல் ஒரு புள்ளிமுறையை வகுத்தனர். புரூஸ் ஒழுங்கில் ஒருவர் தாக்குப்பிடித்த நிமிடங்களிலிருந்து, எஸ்.ரி. மாற்றத்தின் மில்லிமீற்றர் அளவை ஐந்தாற் பெருக்கிக் கழிக்க. வலி எழுந்தால் நான்கும், வலியால் நிறுத்த நேர்ந்தால் எட்டும் கழிக்க. ஒன்பது நிமிடம் நடந்து மாற்றமும் வலியும் இல்லாதவர்க்குப் புள்ளி 9. நான்கு நிமிடத்திலே இரண்டு மில்லிமீற்றர் தாழ்வுற்று வலியால் நின்றவர்க்குப் புள்ளி 4-இலிருந்து 10-உம் 8-உம் கழிய, மறை 14. புள்ளி 5-உம் அதற்கு மேலும் ஆயின் இடர் குறைவு. மறை 11-உம் அதற்குக் கீழும் ஆயின் இடர் மிகுதி. 1991இல் வெளிவந்த கணக்கின்படி, நான்கு ஆண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் முதல் வகையினருள் நூற்றுக்கு 99. இறுதி வகையினருள் நூற்றுக்கு 79.

2002இல், 6,213 ஆடவரை ஆராய்ந்து வெளிவந்த பிறிதோர் ஆய்வு, ஒருவர் எவ்வளவு உழைக்க வல்லார் என்பதே அவர் வாழ்நாளை அறிவிக்கும் தலைசிறந்த அடையாளம் எனக் காட்டியது. படமெடுக்கும் கருவிகள் அடைப்பைக் காட்டும். ஆனால் மனிதன் எவ்வளவு நடப்பான் என்பதை நடக்கவிட்டே அறியவேண்டும்.

இன்றைய நிலை

காலம் மாறியுள்ளது. கதிர்களைக் கொண்டு முடியுரு நாடிகளை நேரே படமெடுக்கும் சீ.ரி. முறையும், உழைப்பின்போது இதயச் சுவரின் அசைவை ஒலியலையாற் காணும் எக்கோ முறையும் வளர்ந்துள்ளன. நோய் முன்பு அறியப்படாதோர்க்கு உடற்பயிற்சி ஈ.சீ.ஜீ.யை மாத்திரம் கொண்டு நோய் துணிதல் வேண்டா என இங்கிலாந்தின் வழிகாட்டிகள் 2010இல் அறிவுறுத்தின. 2018இல் வெளிவந்த ஸ்கொத்லாந்து ஆய்விலே, 4,146 நோயாளருள் வழக்கமான சோதனைகளோடு சீ.ரி. படமும் பெற்றோரிடையே ஐந்தாண்டுகளில் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 2.3 வீதமாகவும், அது பெறாதோரிடையே 3.9 வீதமாகவும் இருந்தன. வலியற்ற, இடர் குறைந்தோர்க்கு இச்சோதனையை வெறும் முன்னெச்சரிக்கையாகச் செய்தல் வேண்டா என்பது ஐக்கிய அமெரிக்க நிபுணர் குழுவொன்று 2018இற் கூறியது. காரணம், மேலே நாம் கண்ட மூன்றாவது கணக்கே.

ஆயினும் சோதனை வழக்கொழிந்துவிடவில்லை. செலவு குறைந்தது, கதிர்வீச்சு அற்றது, பெரிய கருவி வேண்டாதது. உழைப்பாற்றலை அளக்கவும், நோய் அறியப்பட்டவர் சிகிச்சையின் பின் எந்நிலையில் உள்ளார் என அறியவும், படமெடுக்கும் வசதி எட்டாத இடங்களில் துணைச்சான்றாகவும் அது பயன்படுகின்றது. கருவி பழையதாயினும், பயன்படுத்துவோன் அதன் எல்லையை அறிந்தானாயின் அது நற்கருவியே.

பழைய மாணவர்க்குச் சில சொற்கள்

மேட்டில் சைக்கிள் மிதிக்கையிலும், கோயிற் படியேறுகையிலும், உண்டபின் விரைந்து நடக்கையிலும் நடுமார்பிலே ஒரு பாரம் எழுந்து, நின்றதும் நீங்குமாயின் அதனை வாய்வு என்று பெயரிட்டு ஒதுக்காதிருக்க. அப்பாரம் தாடைக்கும் இடக்கைக்கும் பரவலாம். நீரிழிவுடையோரிடத்தும் பெண்களிடத்தும் வெறும் இளைப்பாகவே தோன்றலாம். அத்தகையோர் வைத்தியரை அடைந்து, எப்பொழுது எழுந்தது, எவ்வளவு தூரம் நடக்க எழுந்தது, எத்தனை நிமிடத்தில் நீங்கியது என்பவற்றை ஒழுங்காகச் சொல்க. ஓய்வுநிலை ஈ.சீ.ஜீ. நன்று எனப்பட்டதால் மாத்திரம் ஆறுதல் கொள்ளற்க; வலியில்லா வேளையில் அது குறை காட்டாதிருத்தல் மிகப் பொது. உடற்பயிற்சிச் சோதனையிலே குறை தோன்றவில்லை எனினும் பாரம் தொடருமாயின் மீண்டும் செல்க. சோதனைக்கென மருந்தை நிறுத்துவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க, தாமே நிறுத்தற்க.

ஓய்விலே எழுந்து நீங்காது நிற்கும் மார்புவலியோ, வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வரும் வலியோ சோதனைக்கு நாள் குறிக்கும் நோயன்று. அவ்வேளையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியில் உடனே வைத்தியசாலை செல்லுதலே தக்கது.

மாணாக்கர்க்கும் இதிற் பாடம் உண்டு. பௌதிகத்தின் ஒரு விதியும், இரசாயனத்தின் அயன்களும், கணிதத்தின் ஒரு தேற்றமும், அளவை நூலின் புகையும் நெருப்பும் ஒரு கடதாசித் துண்டிலே ஒன்றுகூடி ஒரு மனிதனின் உயிருக்குச் சான்று பகர்கின்றன. வகுப்பறையில் வெவ்வேறு பாடங்களாகப் பிரிந்து நிற்பவை வாழ்க்கையிற் பிரிந்து நிற்பதில்லை. நாடுதல் என்றால் தேடுதல். கண்ட குறியோடு அமையாது, அக்குறி யாரிடத்தே, எந்நிலையிலே, எவ்வளவு உழைப்பிலே தோன்றிற்று என்று நாடுவோனுக்கே உண்மை புலப்படும்.